ஆண்மைக் குறைவா, அறிவுக் குறைவா?

நமது பாபநாசம் வட்டாரத்தில் ஒரு கலியாணம் நடந்து இரண்டு வருஷம் சென்றும் வீட்டில் தொட்டில் கட்டவில்லையென்றால், அடுத்தாற்போல் என்ன நடக்கும் என்பது வாசகர்கள் யாவரும் அறிந்ததேயாகும். மருமகளைத் திருக்கருகாவூருக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். அங்கே கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வைத்துக் கொடுத்த நெய்யை ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்லுவார்கள். நெய்க்குப் பலனில்லையென்றால் ஜாதகத்தைப் புரட்டுவார்கள். நாகதோஷம் என்பார்கள். அதற்கும் பரிகாரம் செய்து ஒன்றும் நடக்கவில்லையென்றால், அந்தப் பெண்ணுக்கு மலடி என்று பட்டம் சூட்டிவிட்டு, பையனுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று திண்ணையில் உட்கார்ந்து யோசனை செய்வார்கள். இவ்வளவு தூரம் நடந்தும், இத்தனை பணம் செலவாகியும், அந்தப் பையனை ஒரு நாளாவது ஓர் இரத்தப் பரிசோதனைக்கோ விந்துப் பரிசோதனைக்கோ அழைத்துக்கொண்டு போனீர்களா என்று கேட்டால், கேட்டவன்மீது சண்டைக்கு வருவார்கள். “என் பிள்ளை ஆம்பளை ஐயா, அவனுக்கென்ன குறை?” என்பார்கள்.

பையனாவது சும்மா இருக்கிறானா? அவனுக்கு உள்ளுக்குள் பயம். பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் ஆண்மைக் குறைவு விளம்பரத்தை ஓரக்கண்ணால் படித்து வைத்துக்கொள்ளுகிறான். மாதத்தில் ஒரு தேதியில் லாட்ஜில் வந்து தங்கும் “பரம்பரை வைத்தியர்” ஒருவரிடம் யாருக்கும் தெரியாமல் போகிறான். அவர் நாடியைப் பிடித்த மாத்திரத்தில், “தம்பி, சிறு வயதுப் பழக்கத்தால் நரம்பெல்லாம் தளர்ந்துவிட்டது, இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார். அறுப்புக்கு வைத்திருந்த பணமோ, மனைவியின் தோடோ, லேகியமாக மாறிவிடுகிறது.

மனைவி கோயிலுக்கு, புருஷன் லாட்ஜுக்கு! இரண்டு பாதைக்கும் வாசல் ஒன்றேயென்று சொல்லுகிறோம். ஆணின் உடம்பில் ஏற்படும் ஒரு குறையை உடம்பின் குறையாகக் கருதாமல் மானத்தின் குறையாகக் கருதுகிற மூடத்தனமே அந்த வாசல். கண் பார்வை மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாத மனிதன், இந்த ஒன்றுக்கு மட்டும் இருட்டில் ஒளிவதேன்? அவன் ஒளிகிற இருட்டில்தான் புரோகிதனும் போலி வைத்தியனும் கடை விரித்திருக்கிறார்கள்.

புராணம் கற்றுக்கொடுத்த பாடம்

இந்த மூடத்தனத்துக்கு நமது புராணங்கள் நல்ல எரு போட்டிருக்கின்றன. பாபநாசத்திலேயே 108 சிவாலயம் என்று ஒரு கோயில் இருக்கிறது. கர, தூஷணர்களைக் கொன்ற பாவம் தீர, இராமன் 108 லிங்கங்களைப் பூஜித்தான் என்பது அந்த ஸ்தல புராணம். அந்த இராமன் பிறந்த கதை என்ன? தசரத மகாராஜனுக்குப் பட்டத்து மகிஷிகள் மூவர் இருந்தும் பட்டத்துக்குப் பிள்ளையில்லை. உடனே யாகம் செய்தார்கள். யாகத்தில் பாயசம் வந்தது. பாயசத்தை யாருக்குக் கொடுத்தார்கள்? மூன்று மனைவிகளுக்கும் கொடுத்தார்கள். ராஜனுக்கு ஒரு கரண்டிகூட இல்லை!

ஒரு கழனியில் விதைத்தது முளைக்கவில்லையென்றால் மண்ணைச் சந்தேகிக்கலாம். மூன்று கழனியிலும் ஒரே விதை முளைக்கவில்லையென்றால், நமது தஞ்சை ஜில்லாவில் எந்த உழவனாவது விதை நெல்லைக் கையில் எடுத்துப் பார்க்காமலிருப்பானா? பெண்ணைக் கழனியென்று சொல்லுவது நமக்குக் கொஞ்சமும் உடன்பாடல்ல. அப்படிச் சொல்லிச் சொல்லியே அவளை அடிமையாக்கினவர்களுக்கு, அவர்கள் பாஷையிலேயே பதில் சொல்லுகிறோம். ஓர் உழவனுக்கு இருக்கும் யோசனை அயோத்தி ராஜ சபையில் ஒரு ரிஷிக்கும் இல்லாமற்போனதன் பலனை, இன்றைக்கும் நமது பெண்கள் அனுபவித்து வருகிறார்கள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் விஷயத்தில் ஆணிடமும் காரணம் இருக்கிறது என்று இன்றைய வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. பாதிக் குற்றவாளியை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க, யயாதி என்ற கிழ ராஜன் தன் மகனிடமிருந்து இளமையை வாங்கிக்கொண்டான் என்றும் ஒரு கதை உண்டு. நம்மவர்கள்தான் இப்படி என்று எண்ணிவிடவேண்டாம். 1889-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் பிரௌன் சேக்கார் என்ற பேர்போன வைத்திய பண்டிதர், தமது 72-வது வயதில், நாயினுடையவும் சீமைப் பெருச்சாளியினுடையவும் விதைகளைப் பிழிந்த சாற்றை ஊசி வழியாகத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதென்று சபையில் அறிவித்தார். பிறகு 1920-ஐ ஒட்டிய வருஷங்களில் வோரனாப் என்பவர் குரங்கின் விதைத் துண்டுகளைப் பணக்காரக் கிழவர்களுக்கு ஒட்டவைத்துப் பெரும் பொருள் சேர்த்தார். இரண்டும் வீணாயின. ஆனால் அங்கே என்ன செய்தார்கள்? சோதித்துப் பார்த்தார்கள், பொய்யென்று கண்டதைத் தூக்கியெறிந்தார்கள், மெய்யைத் தேடினார்கள். 1849-லேயே பெர்த்தோல்டு என்பவர், காயடித்த சேவலுக்கு மறுபடியும் விதையைப் பொருத்தினால் கொண்டையும் கூவலும் திரும்புவதைக் காட்டியிருந்தார். அந்தப் பாதையில் சென்று 1935-ல் காளையின் விதையிலிருந்து அந்தச் சுரப்புப் பொருளைப் பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டார்கள். அதே வருஷத்தில் அதைச் செயற்கையாகவும் செய்து காட்டினார்கள். புட்டேனாண்டு, ருசிக்கா என்ற இருவருக்கு 1939-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாமோ இன்னும் யயாதி கதைக்குக் காலட்சேபம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சரக்கு என்ன?

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் விதைகளில் உண்டாகி இரத்தத்தில் கலந்து ஓடும் ஒரு பொருள். மீசை, குரல், தசை, எலும்பின் உறுதி, இரத்தத்தின் சிவப்பணு, காம இச்சை ஆகியவற்றில் அதற்குப் பங்குண்டு. அது தானாகச் சுரப்பதல்ல. மூளையின் அடிப்பாகம் உத்தரவு கொடுக்க, அதன்கீழ் தொங்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி அதை வாங்கி விதைக்கு அனுப்ப, விதை வேலை செய்கிறது. டெல்டாக்காரருக்கு இதைச் சொல்லுவது சுலபம். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வரும். கல்லணையில் விட்டால் குடமுருட்டிக்கு வரும். குடமுருட்டியிலிருந்து வாய்க்காலுக்கு வரும். வயல் காய்ந்து கிடந்தால், மேட்டூரில் தண்ணீரில்லையா, மதகு திறக்கவில்லையா, வாய்க்கால் தூர்ந்துவிட்டதா என்று பார்ப்போமேயல்லாமல், வயலைத் திட்டிக்கொண்டு நிற்கமாட்டோம். அப்படியே டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால், கோளாறு விதையிலா, பிட்யூட்டரியிலா, அல்லது உடம்பின் மற்ற வியாதிகளிலா என்று பார்க்கவேண்டும். பொன்னுக்கு வீங்கி வந்து விதையைத் தாக்கியிருக்கலாம். பிறவியிலேயே எக்ஸ் குரோமோசோம் ஒன்று அதிகமாக இருக்கலாம். பிட்யூட்டரியில் ஒரு கட்டி இருக்கலாம். இவற்றில் எதை லாட்ஜ் வைத்தியர் நாடி பிடித்துக் கண்டுபிடிப்பார் என்று கேட்கிறோம்.

இன்னொரு சங்கதியையும் மீசை முறுக்குகிறவர்கள் கவனிக்கவேண்டும். இந்தப் பொருள் ஆணின் தனிச்சொத்தல்ல. பெண்ணின் உடம்பிலும், அளவில் குறைவாக, இது சுரக்கிறது. ஆணின் உடம்பிலோ இதே டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி பெண்ணுக்குரியதென்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அது இல்லாவிட்டால் ஆணின் எலும்பே உறுதியாக நிற்பதில்லை. ஆணென்ற கர்வத்துக்கு இரத்தத்திலே ஆதாரம் தேடுகிறவர்களுக்கு இரத்தமே கொடுக்கும் பதில் இது.

அளக்காமல் தீர்ப்புச் சொல்லாதே

பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில், நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய, 3,000 கலம் நெல் கொள்ளும் ஒரு களஞ்சியம் இருக்கிறது. அதில் நெல்லைக் கொட்டினவர்கள் மரக்காலில் அளந்துதான் கொட்டியிருப்பார்கள். களத்தில் அளக்காமல் கண்டுமுதல் குறைவென்று எவனாவது சொன்னால் மிராசுதாரும் ஒப்பமாட்டார், குத்தகைதாரரும் ஒப்பமாட்டார். ஆனால் தன் உடம்பின் கண்டுமுதலை மட்டும், அளக்காமலே குறைவென்று ஒரு சுவரொட்டி சொன்னால் நம்மவன் நம்பிவிடுகிறான்!

டெஸ்டோஸ்டிரோனுக்கும் மரக்கால் உண்டு. காலை நேரத்தில்தான் அது அதிகமாயிருக்கும். ஆகவே காலை 10 மணிக்குள், வெவ்வேறான இரண்டு நாட்களில், இரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும். காய்ச்சலாய்க் கிடக்கும்போது பார்த்தால் கணக்குத் தவறும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 300 நானோகிராமுக்குக் குறைவாக இரண்டு தடவையும் இருந்து, அத்துடன் இச்சைக் குறைவு, உடல் தளர்ச்சி, தசை மெலிவு போன்ற அடையாளங்களும் இருந்தால்தான் வியாதியென்று கொள்ளலாமென்று அமெரிக்காவின் சிறுநீரியல் வைத்தியர் சங்கம் 2018-ல் வகுத்திருக்கிறது. நானோகிராம் என்றால் ஒரு கிராமை 100 கோடிப் பங்காக்கினதில் ஒரு பங்கு. அவ்வளவு நுட்பமாக அளக்கக்கூடிய காலத்தில், நாடியும் நகக்கண்ணும் பார்த்துச் சொல்லுவதை நம்புவது எவ்வளவு மடமை!

களைப்பாயிருக்கிறவனெல்லாம் இக்குறை உள்ளவனல்ல. ஐரோப்பாவில் 8 நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களைப் பரிசோதித்து 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடையாளமும் அளவும் சேர்ந்து உண்மையான குறைவுடையவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேர்தான். விளம்பரக்காரர்களோ நூற்றுக்கு நூறு பேரையும் நோயாளியாக்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கைகொடுப்பது, ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம் என்ற பழைய புளுகு. தூக்கத்தில் விந்து வெளிப்படுவது வியாதியல்ல. அது தினமும் உடம்பில் உண்டாகிக்கொண்டே இருப்பது. இந்தப் புளுகை நம்பிப் பயந்து சோர்ந்துபோகிறவர்களின் நிலையைத் தாது நோய்க்குறி என்று பெயரிட்டு 1960-லேயே டாக்டர் விக் என்ற இந்திய மனநல வைத்தியர் எழுதியிருக்கிறார். அதாவது பயந்தான் வியாதி. அந்தப் பயத்தை உண்டாக்கினவனே அதற்கு லேகியம் விற்கிறான்!

மறைத்தால் போவது உயிர்

வெட்கத்தால் பணம் போனால் போகட்டும் என்று விடலாம். உயிரும் போகிறதே! ஆண்குறி விறைப்படையாமற்போவதற்குப் பல சமயம் காரணம் டெஸ்டோஸ்டிரோன் அல்ல. சர்க்கரை வியாதியாலும் புகையிலையாலும் இரத்தக் குழாய் கெட்டுப்போவதே காரணம். ஆண்குறியின் குழாய் இருதயத்தின் குழாயைவிடச் சிறியது. சிறிய வாய்க்கால் முதலில் தூர்ந்துபோகும். பெரிய வாய்க்காலின் முறை பின்னால் வரும். ஆகவே இது மாரடைப்புக்கு முன்னே வரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். நம் தேசத்தில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதியஸ்தர்கள் இருப்பதாக 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்த ஆராய்ச்சி கணக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வியாதியும் பெருத்த வயிறும் சேர்ந்தவர்களிடம் டெஸ்டோஸ்டிரோன் குறைவும் அதிகமாகக் காணப்படுகிறது. எச்சரிக்கை மணி அடிக்கும்போது அதன் வாயில் லேகியத்தை அடைத்து மூடிவிடுகிறவன் வைத்தியனா, யமனுடைய ஏஜெண்டா?

அந்த லேகியத்தில்தான் என்ன இருக்கிறது? மூலிகையென்று பெயரிட்டு, உள்ளே சில்டெனாபில் என்ற இங்கிலீஷ் மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலந்த சரக்குகள் உலகத்தில் பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் நைட்ரேட் மாத்திரை வைத்துக்கொள்ளுகிறவன் அதைத் தெரியாமல் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயம், பாதரசம் அல்லது பாஷாணச் சத்து இருந்ததாக 2004-ல் வெளியிட்டார்கள். காம சக்தியைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதையும், மந்திரம், தாயத்து, கவசத்தால் வியாதி தீருமென்று விளம்பரம் செய்வதையும் 1954-ம் வருஷத்து மத்திய சட்டம் தடுக்கிறது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறைவாசம் உண்டு. சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது; விளம்பரம் சுவரில் இருக்கிறது!

லாட்ஜ் வைத்தியரைத் திட்டிவிட்டு, கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரிக்கு நாம் தரகு பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். அளக்காமலே டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிற இங்கிலீஷ் படித்த வியாபாரிகளும், உடற்பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு ஊசி விற்கிறவர்களும் அதே ஜாதி ஏமாற்றுக்காரர்களே. முக்கியமாகப் பிள்ளை வேண்டுமென்று இந்த ஊசி போட்டுக்கொள்ளுகிறவன் கதை பரிதாபமானது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், மூளை நமக்கு வேலையில்லையென்று உத்தரவை நிறுத்திவிடும். விதை விந்தணுவை உண்டாக்குவதை விட்டுவிடும். உலக சுகாதார ஸ்தாபனம், வாரம் ஒரு ஊசி வீதம் 271 ஆண்களுக்கு இதைக் கர்ப்பத்தடை மருந்தாகவே கொடுத்துப் பார்த்து, 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமற்போனதாக 1990-ல் வெளியிட்டது. தொட்டில் கட்டப் போனவன் கர்ப்பத்தடை ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறான்! அப்போதும் மலடிப் பட்டம் மனைவிக்குத்தானே?

எது சிகிச்சை, எது துணை?

அப்படியானால் டெஸ்டோஸ்டிரோன் வைத்தியமே கூடாதா? கூடாதென்று நாம் சொல்லவில்லை. விதையோ பிட்யூட்டரியோ உண்மையில் கெட்டுப்போனவனுக்கு அது அவசியம். கொடுக்காவிட்டால் எலும்பு நொறுங்கும், இரத்தம் குறையும். ஆனால் சஞ்சீவியென்று எண்ணவேண்டாம். 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 790 பேரிடம் சோதித்து 2016-ல் வெளியிட்ட முடிவு, இச்சை ஓரளவு கூடியதென்றும், தளர்ச்சி நீங்குவதில் குறிப்பிடத்தக்க பலனில்லையென்றும் சொல்லுகிறது. இருதய ஆபத்துள்ள ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் செய்த மற்றொரு சோதனை 2023-ல் வெளிவந்தது. அதில் மாரடைப்பு அதிகமாகவில்லை. ஆனால் இருதயத் துடிப்புக் கோளாறும், நுரையீரலில் இரத்தக்கட்டியும் சற்று அதிகமாகவே கண்டன. ஆகவே வைத்தியர் கண்காணிப்பில், இரத்தக் கட்டிப்பையும் பிராஸ்டேட்டையும் சோதித்துக்கொண்டே எடுக்கவேண்டிய மருந்து அது. பிட்யூட்டரிக் கோளாறுள்ளவனுக்குப் பிள்ளை வேண்டுமென்றால் விதையைத் தூண்டும் வேறு ஊசிகள் இருக்கின்றன.

துணைச் சிகிச்சையென்று பலவற்றைச் சொல்லுகிறார்கள். நாட்டு மருந்தென்பதற்காக நாம் ஒன்றை வெறுக்கவுமில்லை, தூக்கிவைத்து ஆடவுமில்லை. சோதனையில் நின்றதா என்பதே நமது கேள்வி. நெருஞ்சில் டெஸ்டோஸ்டிரோனை உயர்த்துமென்பது மனிதரிடம் செய்த சோதனைகளில் பெரும்பாலும் நிற்கவில்லை. அமுக்கராக் கிழங்குக்குச் சிறு சோதனைகளில் கொஞ்சம் பலன் காணப்பட்டது. ஆனால் அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. டென்மார்க் தேசம் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது. காசு கொடுக்காமல் கிடைக்கும் துணைகளோ இவற்றைவிடப் பலமானவை. பெருத்த வயிற்றைக் குறைத்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாக உயருகிறது. தூக்கத்தைக் கெடுத்தால் இறங்குகிறது. ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரமே தூங்கவிட்ட 10 வாலிபர்களுக்கு அது நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு குறைந்ததை 2011-ல் சிக்காகோவில் கண்டார்கள். சாராயத்தை நிறுத்துவதும், உடம்பு வேர்க்க உழைப்பதும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், மனக்கவலைக்கு மனநல வைத்தியரைப் பார்ப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டின மனைவியிடம் ஒளிக்காமல் பேசுவதும் துணைச் சிகிச்சைகளேயாகும். இவற்றை விற்றுப் பணம் பண்ண முடியாதாகையால் எந்தச் சுவரிலும் இவற்றுக்கு விளம்பரம் இல்லை.

ஆகவே தோழர்களே! நாம் கேட்டுக்கொள்ளுவது அதிகமில்லை. குழந்தையில்லையென்றால் முதல் பரிசோதனை புருஷனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் நடக்கட்டும். விந்துப் பரிசோதனை சுலபமானது, கத்தியில்லை, வலியில்லை. தளர்ச்சியென்றால் பாபநாசத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் முதலில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பாருங்கள். பிறகு வைத்தியர் சொன்னால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள்; வருகிற பெண்ணிடம் தலையைத் தொங்கப்போடாமல் கேளுங்கள். பரிசோதனைச் சீட்டு வராமல் எந்தப் பெண்ணையும் மலடி என்று சொல்லாதீர்கள்; சொல்லுகிறவன் வாயை அடக்குங்கள். சீட்டு வந்த பிறகும் அந்த வார்த்தை எவருக்கும், ஆணுக்கோ பெண்ணுக்கோ, வேண்டியதில்லை. வியாதிக்கு மருந்து உண்டு, வசவு மருந்தாகாது. சட்டவிரோதமான விளம்பரத்தைக் கண்டால் படமெடுத்து அதிகாரிகளுக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.

இரத்தத்தில் ஒரு பொருள் குறைந்ததற்காக மனிதன் வெட்கப்படவேண்டியதில்லை. தன் குறையை மறைக்க ஒரு பெண்ணின்மீது பழி விழும்போது வாயைமூடிக்கொண்டு நிற்பானேயானால், அதற்குத்தான் வெட்கப்படவேண்டும். அந்த வெட்கத்தைத் தீர்க்க எந்த லேகியமும் இல்லை. அறிவும் நேர்மையும்தான் உண்டு.